வாய்க்குள் போகாத பொம்மை

1

போன வாரம் போடியிலிருந்து மச்சான் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். மச்சான் என்றால் என் மனைவி மலரின் அண்ணன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார்.

"மாப்ள, பாப்பாவுக்குப் பொறந்தநாள் வருதுல்ல. சும்மா கரடி பொம்மை, கார் பொம்மைன்னு இல்லாம மூளைக்கு வேலை குடுக்கிற மாதிரி சயின்ஸ் சாமான் ஒண்ணு அனுப்பலாம்னு பாக்குறேன். எது நல்லாருக்கும்? நீங்கதான் பெரிய ஊர்ல இருக்கீங்க, சொல்லுங்க."

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் அதைக் கேட்டுவிட்டு அருகில் இருந்த மிளகு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்க்கிறவர், "எந்தா பாண்டியா, சுகமில்லே?" என்று கேட்டார். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

மச்சானுக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. பதில் சொல்ல வேண்டுமென்றால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். போடியில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்தால் மச்சான் அடுத்த பஸ்ஸிலேயே வந்து தங்கச்சியையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு மலையேறிவிடுவார். நம் ஊர்க்காரர்கள் தாங்கள் போடும் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எப்படியும் மச்சான் அந்த ஆண்டு மலரில் தன் கடை விளம்பரத்தை மட்டும்தான் பார்ப்பார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

2

துபாய், சிங்கப்பூரிலிருந்து எல்லாம் எழுதுகிற ஆண்டு மலரில், இதோ கொச்சியில் இருக்கிற மட்டாஞ்சேரியிலிருந்து எழுத எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. போடியில் காலை இட்லியை முடித்துவிட்டுக் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் இங்கே வந்து இறங்கிவிடலாம். விசா இல்லை, விமானம் இல்லை. மலைப்பாதையில் வாந்தி மட்டும் உண்டு. ஆனாலும் போடிமெட்டுச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் எங்கள் வீட்டில் அது ஃபாரின்தான். ஊருக்கு வரும்போது, "அங்கெல்லாம் எப்படிச் சாப்பிடுறீங்க?" என்று பாவமாகக் கேட்கிறார்கள். வாயால்தான் என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இது நிஜமாகவே வெளிநாடு. இங்கே எந்த ஆபீஸுக்குப் போனாலும் வீட்டுப்பெயர் கேட்பார்கள். மனிதனுக்குப் பெயர் இருக்கிறதோ இல்லையோ, அவன் பிறந்த வீட்டுக்கு ஒரு பெயர் இருந்தாக வேண்டும். என் பெயருக்கு முன்னால் இருப்பது ஒற்றை எழுத்து. எங்கள் வீட்டுக்கு ஊரில் இருந்த அடையாளம் 'தண்ணி டேங்குக்கு எதிர்த்த வீடு'. அதைச் சொன்னால் ஆபீஸில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பார். ரேஷன் அட்டைக்கு நான் அலைந்த காலத்தில் அந்தப் பார்வை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

இன்னொன்று, இந்தப் பக்கம் தமிழனைக் கிண்டல் செய்ய நினைத்தால் 'பாண்டி' என்பார்கள். என் பெயரே பாண்டியன் ஆகிவிட்டதால் யாராவது அப்படிக் கூப்பிட்டால், "என்ன சேட்டா?" என்று பவ்வியமாகத் திரும்பிப் பார்ப்பேன். திட்டியவருக்குத்தான் ஏமாற்றம். போதாததற்குச் சரக்கு வைக்கிற கிட்டங்கிக்கு இங்கே பெயர் பாண்டிகசாலை. அதற்குள் உட்கார்ந்திருக்கும் எனக்கு எதிரிகளே கிடையாது.

அங்கே என் வேலை சரக்கின் தரம் பார்ப்பது. மிளகு, ஏலக்காய், சுக்கு. மெஷின்கள் வந்துவிட்டன, ஆனாலும் மூட்டையைப் பிரித்ததும் முதலில் வேலை பார்ப்பது வாய்தான். கடிக்க வேண்டும், நாக்கில் உருட்ட வேண்டும், துப்ப வேண்டும். பப்பாளி விதை கலந்திருந்தால் பல்லுக்குத் தெரிந்துவிடும். மூட்டை மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பவே கூடாது. எழுதுகிறவன் எப்போதும் ஒரு படி ஏற்றித்தான் எழுதுவான். படிக்கிறவன் ஒரு படி இறக்கித்தான் படிக்க வேண்டும்.

எங்கள் பாண்டிகசாலையில் ஒரு வழக்கம் உண்டு. சாம்பிள் கொண்டுவருகிறவர் காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எந்தத் தோட்டம், என்ன தரம், ஒன்றும் சொல்லக் கூடாது. நான் கண்ணை மூடி, கடித்துப் பார்த்து, தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவர் பேசலாம். முன்னாலேயே பேசிவிட்டால் என் நாக்கு அவர் பேச்சைத்தான் ருசிக்கும், சரக்கை ருசிக்காது.

இந்த வழக்கத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் வினை.

என் மகள் இனியா எல்கேஜி படிக்கிறாள். பொம்மைகளோடு மலையாளம் பேசுவாள், எங்களோடு தமிழ் பேசுவாள். மனசு விட்டுப் பேசுவது பொம்மைகளிடம்தான் என்பது மலரின் வருத்தம். தமிழ் எழுத்தைக் காட்டினால், "இது பழைய மலையாளமா அப்பா?" என்று கேட்கிறாள். அவளை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பள்ளிக்கூட வேன் எங்கோ கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிற மாதிரி இருக்கும்.

ஆனால் சாயங்காலம் ஒரு விளையாட்டு உண்டு. நான் வந்து, கால் கழுவி, சாயா குடித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்ததும் ஆரம்பிக்கும். நான் ஒரு பொட்டலம் கொடுப்பேன்; அவள் கண்ணை மூடிக் கடித்து, நாக்கைச் சப்பி, துப்பிவிட்டு, "நல்ல சரக்கு" என்பாள். அடுத்து அவள் முறை. பருப்பு, பிஸ்கட் துண்டு, ஒரு தடவை அழிப்பான். நான் சொல்லும் வரை இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு கண் பிதுங்க உட்கார்ந்திருப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவள் முழுக்க முழுக்க என் மகள்.

3

ஒரு நாள் அவள் கேட்டாள். "அப்பா, ஃப்ரிட்ஜ் அடைச்சா உள்ளாற லைட் கெடுமா?"

எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். அணையும் என்றேன். "நீ பாத்தியா?" என்றாள். நான் கதவை மெதுவாக மூடிக்கொண்டே இடுக்கு வழியாகப் பார்க்க முயன்று மூக்கை நசுக்கிக்கொண்டேன். மலர் அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேருல யாரு எல்கேஜின்னு தெரியல" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மகளை விஞ்ஞானியாக்கிவிடுவது என்று முடிவுசெய்து, படகில் எறணாகுளம் போனேன். கடையில் அறிவியல் பொம்மைகளுக்கென்று ஒரு சுவரே இருந்தது. கோள்கள், எரிமலை, எலும்புக்கூடு, தானே நடக்கும் இயந்திர நாய். விற்கிற பெண் கேட்டாள்.

"மோளுக்கு எத்ர வயசாயி சேட்டா?"

"அஞ்சு ஆகப் போவுது."

அவள் எடுத்துக் கொடுத்தது ஒரு பூதக்கண்ணாடி. தட்டையான பெரிய வட்டம், பருத்த கைப்பிடி, மஞ்சள் நிறம். "உறும்பு, இலை, எல்லாம் நோக்காம். இது மதி" என்றாள். எறும்பும் இலையும் பார்க்க இது போதுமாம்.

எனக்குச் சுருக்கென்றது. ஃப்ரிட்ஜ் விளக்கைப் பற்றிக் கேட்கிற பிள்ளைக்கு எறும்பா? என் கண் மேல்தட்டில் இருந்த இன்னொரு பெட்டி மேல் போயிற்று. அட்டையில் ஒரு பையன் கையில் விளக்கு எரிய, கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். கம்பி, ஸ்விட்ச், குட்டி விளக்குகள், நாணயம் மாதிரி ஒரு பட்டன் பேட்டரி. சேர்த்தால் எரியும், பிரித்தால் அணையும்.

"அது எட்டு வயசு தொட்டானு" என்றாள் அந்தப் பெண். எட்டு வயதுக்கு மேல் என்றுதான் பெட்டியிலும் போட்டிருந்தது.

இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. மூட்டை மேல் எழுதியதை நம்பாதவன் பெட்டி மேல் எழுதியதை மட்டும் நம்புவேனா? எட்டு என்று எழுதியிருக்கிறான், ஒரு படி இறக்கினால் ஆறு, என் மகள் கெட்டிக்காரி, அதற்கு ஒரு படி இறக்கினால் ஐந்து. கணக்கு அழகாக வந்துவிட்டது. உலகத்தில் வேறு எந்தத் தகப்பனும் இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்க மாட்டான்.

வீட்டில் விளக்கு எரிந்தபோது இனியா மூச்சுவிடாமல் பார்த்தாள். அணைத்தாள், எரியவிட்டாள், அணைத்தாள். மலர் மட்டும் பேட்டரி வைக்கிற இடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மூடியே இல்லையேங்க, திருகாணி ஒண்ணும் காணோம்" என்றாள். "அப்பத்தான பிள்ளை கத்துக்கும்" என்று நான் விளக்கம் கொடுத்தேன். படித்தவன் மாதிரியே கொடுத்தேன்.

4

பெட்டி வந்து சில நாள் ஆகியிருக்கும். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே மலரின் குரல் கேட்டது. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ரொம்ப மெதுவாகப் பேசினாள்.

"ஏங்க, அந்த வட்டமா பளபளன்னு இருந்தது எங்க?"

கம்பிகளும் விளக்கும் பாயில் கிடந்தன. பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. பாயைத் தூக்கினோம், கட்டிலுக்கு அடியில் பார்த்தோம், அரிசி வாளியைக்கூடத் திறந்து பார்த்தோம். இனியா நடுவில் உட்கார்ந்து நாக்கை உதட்டில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இனியா, அந்த வட்டம் எங்கடா கண்ணு?"

"அது உப்பா இருந்துச்சு" என்றாள். சொன்ன உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மலர் என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூட அம்மாக்கள் குழுவில் அவளுக்கு ஒரு காணொளி வந்திருந்ததாம். இந்த மாதிரி பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் ஈரம் பட்டதும் உள்ளேயே வேலை செய்து சுட்டு ஓட்டை போட்டுவிடும் என்று. அதை அவள் சொல்லி முடிக்கவில்லை. 'சுட்டு' என்ற இடத்திலேயே குரல் நின்றுவிட்டது.

நான் இனியாவைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினேன். ஓடும்போது என் ஒரு கால் செருப்பில் இருந்தது, ஒரு கால் வெறுங்கால். அப்படியேதான் ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

கீழ்வீட்டில் இருப்பவர் கபீர் அண்ணன், இந்த ஊர்ப் பேச்சில் கபீர் இக்கா, ஆட்டோ ஓட்டுகிறவர். நோன்புக் கஞ்சி ஆனாலும் கிறிஸ்துமஸ் கேக் ஆனாலும் முதல் பங்கை இனியாவுக்குக் கொடுக்கிற மனிதர். நான் வாய் திறப்பதற்குள் என் முகத்தைப் பார்த்துச் சாவியை எடுத்துவிட்டார்.

"கேறு, கேறு. எந்தா மோளுக்கு?"

"பேட்டரிய முழுங்கிட்டா, இக்கா."

இருட்டுவதற்கு முன்பே அவர் ஹெட்லைட்டைப் போட்டார். ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் பஜார் தெருவில் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களையும் சாக்கு வண்டிகளையும் பிளந்துகொண்டு ஆஸ்பத்திரி இருக்கிற பள்ளுருத்திப் பக்கம் திருப்பினார். "பேடிக்கண்டா" என்று எனக்குச் சொன்னார். பயப்படாதே என்று சொன்னவரின் காது நுனி சிவந்திருந்தது.

ஆட்டோவில் நான் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"கண்ணு, முழுங்கிட்டியா?"

பொத்திய வாயோடு தலையை ஆட்டினாள்.

"முழுங்கலையா?"

அதற்கும் ஆட்டினாள்.

"வலிக்குதா?"

ஆட்டினாள்.

"வலிக்கலைதான?"

அதற்கும்.

"கையை எடுடி செல்லம், அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசுடி" என்று மலர் கையைப் பிரிக்கப் பார்த்தாள். அவள் இன்னும் இறுக்கிக்கொண்டாள். ஓயாமல் கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பேச்சு நின்றுவிட்டது. தொண்டையில் ஏதோ ஆகிவிட்டது, அதனால்தான் பேச முடியவில்லை என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

போகிற வழியில் கோயில் வந்தது, பள்ளிவாசல் வந்தது, சர்ச் வந்தது. மட்டாஞ்சேரியில் பயப்படுகிறவனுக்கு இது ஒரு வசதி. ஒன்றையும் விடவில்லை. எல்லாரிடமும் தமிழிலேயே வேண்டினேன். பிறகு அவர்களுக்குப் புரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து, எனக்குத் தெரிந்த ஓட்டை மலையாளத்தில் மறுபடி முதலிலிருந்து வேண்டினேன்.

5

அவசரப் பிரிவில் இனியாவை மலரிடமிருந்து ஒரு நர்ஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என்னைச் சீட்டு எழுதுகிற இடத்துக்கு அனுப்பினார்கள்.

"குட்டியுடெ பேரு?"

"இனியா."

"அச்சன்டெ பேரு?"

"பாண்டியன்."

"வீட்டுப்பேரு?"

அங்கே நின்றுவிட்டேன். வீட்டுப்பெயர் கேட்ட ஆபீஸ்களில் எல்லாம் நான் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். ஒன்றில் ஊர் பெயர், ஒன்றில் தாத்தா பெயர், கேஸ் ஏஜென்சியில் என் ஒற்றை எழுத்தே வீட்டுப்பெயராகிவிட்டது. அன்றைக்கு ஒன்றுமே வரவில்லை. உள்ளே என் பிள்ளை. இந்தக் காலி இடம் நிரம்பாவிட்டால் யாரும் அவளைத் தொட மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. நடந்திருக்காதுதான். பயத்துக்கு அது தெரியாதே. வாயைத் திறந்தேன். "குருமுளகு" என்றேன். மிளகு.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

பின்னாலிருந்து கபீர் இக்காவின் கை என் தோளுக்கு மேலாக நீண்டு மேஜையைத் தட்டியது. "கிழக்கேப்பறம்பில். கிழக்கேப்பறம்பில்னு எழுது மோளே."

அது அவர் வீட்டுப் பெயர். இப்போதும் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் என் மகள் கிழக்கேப்பறம்பில் இனியா. அழியாமல் இருக்க பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன்.

6

டாக்டர் சின்ன வயதுப் பெண். வாயைத் திறக்கச் சொன்னதும் இனியா கையை எடுத்துத் திறந்து காட்டினாள். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வாயில் ஒன்னும் இல்லா. மோளே, அது எவிடெயா?"

அது எங்கே என்று கேட்டதும் இனியா மறுபடி பொத்திக்கொண்டாள்.

"ஒன்னும் கொடுக்கண்டா. வெள்ளம்கூட வேண்டா" என்று எங்களிடம் சொன்னார். தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதாம். எக்ஸ்ரேவுக்கு எழுதினார்.

எக்ஸ்ரே அறையில் இருந்தவர் உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். மலர் இனியாவின் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணைக் கழற்றினாள். பிள்ளைக்குக் காவலாகக் கட்டியது அதுதான். அதைத்தான் முதலில் கழற்ற வேண்டியிருந்தது. எனக்கு ஒரு கனமான மேலங்கியைப் போட்டுவிட்டு, அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அசைந்துகொண்டிருந்தது நான்தான். பிள்ளை கல்லு மாதிரி படுத்திருந்தாள்.

படம் திரையில் வந்தது. கறுப்புக்குள் வெள்ளையாக விலா எலும்புகள், மிளகுக் கொடி மாதிரி முதுகெலும்பு. வயிற்றுக்குக் கீழே ஒரு ஓரமாக, எல்லாவற்றையும் விடப் பிரகாசமாக, ஒரு வட்டம். வட்டத்துக்குள் இன்னொரு வட்டம்.

டாக்டர் எனக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நாணயமாக இருந்தால் ஒரே வட்டமாகத் தெரியும். பேட்டரிதான் இப்படி இரட்டை வட்டமாகத் தெரியும். தொண்டையில் இல்லை, நெஞ்சில் இல்லை, அது நல்லது. ஆனால் இது எங்கே நிற்கிறது என்று சரியாகத் தெரிய வேண்டும். பக்கவாட்டில் ஒரு படம் எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் எறணாகுளத்துக்கு ஆம்புலன்ஸ்.

ஆம்புலன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மலர் என் சட்டைக் கையைப் பிடித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அவளுக்கு இருட்டுன்னா பயம்ங்க" என்றாள். "வயித்துக்குள்ள கேமரா விடுவாங்கன்னா மயக்க மருந்து குடுப்பாங்கள்ல." நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் தலையாட்டிகளாகிவிட்டோம்.

பக்கவாட்டுப் படம் எடுத்தார்கள். டாக்டர் திரையில் குனிந்தார். பிறகு விரலால் ஒரு கோட்டைக் காட்டினார்; இனியாவின் வயிற்றுத் தோல் முடிகிற கோடு. அந்த இரட்டை வட்டம் கோட்டுக்கு இந்தப் பக்கம், வெளியே, காற்றில் தனியாக மிதந்துகொண்டிருந்தது.

"இது வயற்றினகத்து அல்லா" என்றார். வயிற்றுக்குள் இல்லை. திரும்பி, "மோளே, உடுப்பில் பாக்கெட் உண்டோ?" என்று கேட்டார்.

இனியாவின் ஒரு கை வாயிலிருந்து இறங்கி, பாவாடைக் கவுனின் மடிப்புக்குள் போயிற்று. அங்கே ஒரு பை இருப்பது அதைத் தைத்த மலருக்கே மறந்துபோயிருந்தது. காகிதப் பொட்டலம் ஒன்றை வெளியே எடுத்தாள். டாக்டர் கை நீட்டினார், கொடுக்கவில்லை. என்னிடம் நடந்து வந்தாள். மேஜை அருகில் இருந்த நாற்காலியில் ஏறி, தன் உள்ளங்கையால் என் இரண்டு கண்களையும் மூடினாள். இன்னொரு கையால் பொட்டலத்தை என் கைக்குள் திணித்தாள். திணித்துவிட்டுத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாம்பிள் கொடுத்தவர் பேசக் கூடாது.

வீட்டில் ஒரு தடவை 'உப்பு' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்; அதற்குப் பிறகு வழி முழுக்க விதியைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். அம்மா அழுதும், ஆட்டோ குதித்தும், அப்பா மூன்று மதத்துச் சாமிகளோடும் பேசியும், அவள் பேசவில்லை. இங்கே விதியைக் கற்றுக்கொடுத்தவன் நான். இந்த ஊரில் அதை என்னைவிட ஒழுங்காகப் பின்பற்றுகிற ஒரே ஆள் அவள்.

பொட்டலத்தைப் பிரித்தேன். பாண்டிகசாலையில் மடிப்பது மாதிரியே முனையை உள்ளே செருகி மடித்திருந்தாள். உள்ளே பேட்டரி.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மோசமான சரக்கு" என்றேன். "வேண்டாம். திருப்பி அனுப்பு."

இனியா கையை எடுத்தாள். நீண்ட மூச்சு விட்டாள். "நான் அப்பவே சொன்னேன்ல, உப்புன்னு. கடிச்சுப் பாத்துத் துப்பிட்டேன்."

மலர் தரையில் உட்கார்ந்து அழுதாள். டாக்டர் மறுபடி டார்ச்சை எடுத்து ஈறு, நாக்கு, தொண்டை என்று ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் இல்லை, ஆனாலும் எச்சில் வடிந்தாலோ, சாப்பிட மறுத்தாலோ உடனே கொண்டுவர வேண்டும் என்றார். பிறகு இனியா முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து திரையைக் காட்டி, வாயில் போடுகிறது எல்லாம் உள்ளே போய்விடும், சிலது உள்ளே போய்ச் சுடும், அப்புறம் எடுக்க முடியாது என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இனியா எலும்புகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பாவுக்கும் உள்ளாற இப்படியா?"

"அச்சனும் இங்ஙனெ தன்னே" என்றார் டாக்டர். அப்பாவுக்கும் அப்படியேதான்.

7

ஆபத்து நீங்கியதும் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு நிஜமான நடுக்கம் திரும்பி வரும்போதுதான் வந்தது. அவள் கடித்திருக்கிறாள். கடித்துவிட்டுத் துப்பியிருக்கிறாள். நான் கற்றுக்கொடுத்ததில் பாதி அவளைக் கொல்லப் பார்த்தது, மீதிப் பாதி காப்பாற்றியது. பாதி பாதிதானே என்று மனசைத் தேற்றினேன், தேறவில்லை. இன்னொன்றும் தோன்றியது. மலர் அன்றைக்குப் பாயைப் பார்க்காமல் இருந்திருந்தால், நான் கால் கழுவி, சாயா குடித்துவிட்டு, கண்ணை மூடி அந்தப் பொட்டலத்தில் இருந்ததை வாயில் போட்டிருப்பேன். மட்டாஞ்சேரியின் தரம் பார்க்கிற நாக்கு. கபீர் இக்கா அன்றைக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டு, "ஒரு செருப்பு எவிடெ பாண்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பெட்டியை மலர் எங்கே கொண்டுபோனாள் என்று நான் கேட்கவில்லை. விளையாட்டை நிறுத்திவிட்டேன். முதல் இரண்டு நாள் இனியா பொட்டலத்தோடு வந்து பாயில் நின்றாள். வேண்டாம் என்றதும் திரும்பிப் போனாள். பிறகு வரவில்லை. சாயங்காலங்களில் அவள் பொம்மைகளோடு மலையாளத்தில் பேசுவது அறைக்குள்ளிருந்து கேட்கும். பாயில் நான் தனியாக உட்கார்ந்து சாயா குடிப்பேன். சாயா என்ன தரம் என்று யாரும் கேட்கவில்லை.

மறுபடி படகேறி அதே கடைக்குப் போனேன். அதே பெண். நான் அந்த மஞ்சள் பூதக்கண்ணாடியைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்தாள். வாங்குவதற்கு முன் ஓரமாகத் திரும்பி நின்று, அதை என் வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று முயன்று பார்த்தேன். என் வாய் போடியிலேயே பெரிய வாய் என்று பெயர் வாங்கியது. நுழையவில்லை. அந்தப் பெண் பார்த்துவிட்டாள். பைக்குள் போட்டுக் கொடுத்தாள்.

மச்சான், ஒரு வேளை இதைப் படித்தீர்களென்றால், உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். பெட்டி மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்புங்கள். அப்புறம் உங்கள் வாய்க்குள் போகாததாகப் பார்த்து வாங்கி அனுப்புங்கள்.

இனியா அந்தக் கண்ணாடியால் எறும்பைப் பார்த்தது ஒரு நாள்தான். இப்போது நான் வீட்டுக்கு வந்ததும் கால் கழுவக்கூட விடுவதில்லை. நாற்காலியில் ஏறி நிற்கிறாள்.

"அப்பா, வாய் துற."

திறக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கண் வாசல் அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

"நாக்கைத் தூக்கு. இன்னைக்கு எத்தனை கடிச்ச?"

"கொஞ்சம்தான்."

"துப்பினியா?"

"துப்பிட்டேன்."

"எல்லாம்?"

"எல்லாம்."

அவள் உடனே விடுவதில்லை. கன்னத்தின் இரு பக்கமும், பல் இடுக்கும், தொண்டைக்குழியும் பார்க்கிறாள். இது அறிவியல் ஆர்வமா என்று கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்வேன். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆட்டோவில் வழி நெடுக நான் அவளை அப்படித்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள் நேற்று. "இனி அடைச்சுக்கோ."

மூடிக்கொண்டேன்.